கொலோனில் கேட்ட கடல்பாட்டு

1987ஆம் ஆண்டு இலையுதிர்காலம், ஒரு சனிக்கிழமை. காலை 6.52க்கு மேற்கு ஜேர்மனியின் சோஸ்ட் நிலையத்தின் இரண்டாம் மேடையிலிருந்து ரயில் புறப்பட்டபோது வெளியே இன்னும் முழுதாக விடியவில்லை. வயல்களின் மேல் பனிப்புகை படுத்திருந்தது. கொலோன் வரை ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீட்டர். போகவர அறுபத்திரண்டு மார்க். பாதியை ஊர்த் தேவாலயத்துப் பெண்கள் சங்கம் தந்திருந்தது.

பயணச்சீட்டைவிடப் பெறுமதியான இன்னொரு தாள் என் பையில் இருந்தது. அகதி மனுப் போட்டவர்கள் தாங்கள் பதிந்த மாவட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. போவதென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி எடுக்கவேண்டும். எனக்கு ஒரு நாள் தந்திருந்தார்கள். இரவு பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று அதில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

எங்கள் ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில், என்னோடு ஒரே அறையில் இருக்கும் பவளமக்கா வாசல் வரை வந்து வழியனுப்பினா.

“பத்து மணிக்கு முந்தி வந்திடு ரீற்றா. ஒரு பாட்டுக் கேக்கப் போய் உன்ரை அன்ராக்கைக் கெடுத்துப் போடாதை.”

“ஓம் அக்கா. பின்னேரம் நாலு மணிக்குத்தான் தொடங்குது. ஆறுக்கு முடிய உடனை வெளிக்கிட்டிடுவன்.”

அன்ராக் என்பது எங்கள் அகதி மனு. இரண்டு வருடமாக அது எந்த அலுமாரியில் கிடக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நான் கேட்கப் போனது பஹ்ரேன் தீவின் முத்துக்குளிப்பவர்களுடைய பாட்டு. 1980 முதல் நான்கு வருடம் அந்தத் தீவில், முஹர்ரக் பட்டினத்தில், ஒரு வீட்டில் வேலை செய்தேன். சமையல், சலவை, மூன்று பிள்ளைகள். அந்த வீட்டில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. மூத்த மகன் காலித் மின் ஓர்கன் வாங்கி வைத்து, நண்பர்களோடு சேர்ந்து கலியாணங்களில் புதுப்பாட்டுப் பாடுவான். அவனுடைய தகப்பன் வாகனத்தில் ஊத் என்னும் நரம்பு வாத்தியத்தோடு பாடிய பழைய ஒலிநாடாக்களைப் போடுவார். தாய், உம் காலித், தன் சகோதரிகளோடு ஒற்றைத் தோல் பறையைத் தட்டிப் பெண்கள் பாட்டுப் பாடுவா. சுருதி தப்பினாலும் கவலைப்படமாட்டா. எனக்கும் அந்தத் தட்டைப் பழக்கிவிட்டா.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அடுத்த வளவிலிருந்து வந்த பாட்டு. அது ஆண்கள் கூடும் பாட்டு வீடு. முன்னாள் முத்துக்குளிப்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வியாழக்கிழமைப் பின்னேரங்களில் அங்கே வருவார்கள். பெண்கள் அந்த வாசலை மிதிக்க முடியாது. நான் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டபடி கேட்பேன். முதலில் கைதட்டு வரும். ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் தட்டி, மழை பெய்வதுபோல அது நிறையும். பிறகு மத்தளம், எங்கள் கடம் போன்ற ஒரு மண்குடம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு மனிதனின் குரல், மிக உயரத்தில். அந்தக் குரல் “யம்மா, யம்மா” என்று தாயைக் கூப்பிடுவதாகவே நான்கு வருடமும் நினைத்திருந்தேன். பாடிய ஒருவருடைய முகத்தைக்கூட நான் கண்டதில்லை.

அதனால்தான் ஹைமுக்கு வரும் சமூகசேவைப் பெண்மணி கொலோன் நிகழ்ச்சியின் விளம்பரத்தாளைக் காட்டியபோது, படத்திலிருந்த வெள்ளை அங்கிக்காரர்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

7.58. டோர்ட்முண்டில் ரயில் மாறினேன். ஹாகன் தாண்டி ஓர் இருக்கை தள்ளி இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தமிழில் பேசினார். நாற்பது வயதிருக்கும். கொலோனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறாராம்.

“நீங்கள் யாழ்ப்பாணமோ?”

“ஓம், குருநகர்.”

“கொலோனிலை ஆற்றை வீட்டை போறியள்?”

“ஒருத்தற்றை வீட்டையும் இல்லை அண்ணை. அரபுப் பாட்டுக் கேக்கப் போறன்.”

“பகிடி விடாதேங்கோ,” என்றார். பகிடியில்லை என்று தெரிந்ததும் சற்று யோசித்தார். “அதுவும் நல்லதுதான். நான் வந்து மூண்டு வரியம், இன்னும் ஒரு இடமும் பாக்கேல்லை. இஞ்சாலை ஜன்னலுக்குள்ளாலை பாருங்கோ, தொங்கிற ரயில் வரும்.”

வுப்பெர்ட்டால் நகரம் அப்போது வந்தது. ஆற்றின் மேலே இரும்புக் கால்கள் நடப்பட்டு, அவற்றில் தலைகீழாகத் தொங்கியபடி ரயில் பெட்டிகள் போகின்றன. பனிப்புகையில் கால்களும் தண்டவாளமும் தெரியவில்லை. விளக்கேற்றிய இரண்டு பெட்டிகள் மட்டும் ஒன்றிலும் பிடிக்காமல் வானத்தில் மிதந்து போயின. உள்ளே ஒரு பெண் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். மறையும்வரை நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம்.

9.20. ரயில் றைன் நதிப் பாலத்தில் ஏறி மெதுவானது. மறுகரையில் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களின் அடிப்பாதி மட்டும் தெரிந்தது. மேற்பாதி முகிலுக்குள். உள்ளே போய் ஐம்பது பெனிக் காசு போட்டு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். பிறகு நதிக்கரையில் நடந்தேன். நிலக்கரி ஏற்றிய நீளமான படகுகள் தண்ணீர் மட்டத்துக்கே தாழ்ந்து சத்தமில்லாமல் போயின. ஒரு படகின் பின்பக்கத்தில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். சந்தைத் தெருவில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கினேன், இரண்டு மார்க். நான்கு வருடம் ஒரு தீவில் இருந்தும் கடலோரத்தில் இப்படித் தனியாக ஒரு காலையும் நடந்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

12.30. மண்டபம் நகரின் தெற்கில், முன்பு தொழிற்சாலையாக இருந்த ஒரு செங்கல் கட்டடம். நேரத்தோடு போனால் வாசலிலாவது அவர்களைக் காணலாம் என்று போனேன். உள்ளே ஒரே அமளி. மத்தளத் தோலை வாசிக்குமுன் நெருப்பில் காட்டி இறுக்க வேண்டும்; மண்டபத்திலோ நெருப்புக்கு அனுமதியில்லை. நிகழ்ச்சியை ஒழுங்குசெய்த பெண்மணி ஃப்ராவ் கெல்லர், தலைமயிர் உலர்த்தும் கருவிகள் இரண்டை எங்கோ தேடி எடுத்து வந்திருந்தா. வெள்ளை அங்கி போட்ட இரண்டு மீசைக்காரர்கள் அவற்றை மத்தளங்களுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அரபியில், “அதை இன்னும் கிட்டப் பிடியுங்கள், தோல் கருகாது,” என்றேன். உம் காலித் அடுப்பில் பறையைக் காட்டுவதைப் பார்த்த துணிச்சல். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சேலைமேல் குளிர்ச்சட்டை போட்ட ஒரு பெண் முஹர்ரக் பேச்சுப் பேசினால் யார்தான் பார்க்கமாட்டார்கள்!

குழுவின் முன்பாடகர் என்று எனக்குக் காட்டப்பட்டவர் ஒரு மூலையில் கதிரையில் இருந்தார். அபூ ராஷித். ஐம்பது தாண்டிய, அகன்ற தோளுடைய மனிதர். ஊரில் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவராம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒத்திகைக்கு எழுந்தவர் மேடைப் படியில் கால் வைத்தார், வைத்த காலை எடுக்கவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

1.15. அம்புலன்ஸ் வண்டி. குழுவுக்கு மொழிபெயர்க்க ஒரே ஒரு சிரியா நாட்டு மாணவன்தான் இருந்தான். நான்கு மணிக்கு மேடையில் பாட்டுகளை விளக்கவேண்டியவனும் அவன்தான். ஃப்ராவ் கெல்லர் என் கையைப் பிடித்துக்கொண்டா. “நீங்கள் போகமுடியுமா? ஒரு மணித்தியாலம் மட்டும்.” ஏறிவிட்டேன்.

வண்டிக்குள் அவர் பேசினார். அரபியில் சொன்னவற்றை என் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“இடக்கை ஈரக் கயிறுமாதிரிக் கனக்குது. ரண்டு நாளா இப்பிடித்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

மருத்துவமனையில் இளம் பெண் வைத்தியர் ஒருவர் வந்தார். எப்போது தொடங்கியது, எங்கே வலி என்று கேட்டார். நான் அதையே அரபியில் கேட்டேன். அபூ ராஷித் என் முகத்தை நேரே பார்த்தார்.

“மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு சொல்லு. இப்ப ஒண்டும் இல்லை எண்டு சொல்லு. நாலு மணிக்கு நான் மேடையிலை நிக்கோணும். இவ்வளவு தூரம் அதுக்குத்தான் வந்தனான்.”

எனக்கும் அதுதானே ஆசை. அவர் எழுந்து நின்று பாடுவதைப் பார்க்கத்தானே நானும் வந்தேன். ‘சாப்பாடு’ என்ற ஜேர்மன் சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அவருடைய இடக்கை கட்டில் ஓரத்தில் கிடந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வைத்தியருக்குக் கையைப்பற்றிச் சொன்னேன், இரண்டு நாளைப்பற்றிச் சொன்னேன், படியில் விழுந்ததைச் சொன்னேன்.

அபூ ராஷித் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னார்: “நான் சொன்னது இவ்வளவு நீளமில்லையே.”

 வைத்தியர் ஓடிப் போய் ஆட்களைக் கூப்பிட்டார். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். கருவி தாளில் கோடு எழுதியது. மாரடைப்பு.

“உன்னை நம்பி வாய் திறந்தன்,” என்றார் அபூ ராஷித். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

4.00. மண்டபத்தில் நிகழ்ச்சி தொடங்கியிருக்கும். இரண்டாவது பாடகரை முன்னுக்கு நிறுத்தியதாகப் பிறகு அறிந்தேன். நான் தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே ஒரு கதிரையில் இருந்தேன். உள்ளே அவர் கண்ணை மூடியிருந்தார். கண்ணாடிக் கதவின் ஊடாக, அன்று வரை படத்தில் மட்டும் கண்ட ஒரு வெள்ளை அங்கிக்காரரை வேண்டிய மட்டும் பார்க்கலாம். அவரோ என்னைப் பார்க்கமாட்டேன் என்று கிடக்கிறார்.

6.30க்கு ஃப்ராவ் கெல்லரும் சிரியா மாணவனும் வந்தார்கள். குழு அன்றைக்கே பேருந்தில் பிரசெல்ஸுக்குப் போகவேண்டும். அடுத்த நிகழ்ச்சி அங்கே. மாணவனும் அவர்களோடு போகிறான். தலைநகரான பொன் நகரிலிருந்து அவர்களுடைய தூதரகத்து ஆள் ஒருவர் வருவார், ஆனால் ஞாயிறு மத்தியானம்தான். வைத்தியர் என்னைப் பார்த்தார்.

“இந்த இரவுதான் முக்கியமானது. அவருக்கு வலித்தால் எங்களுக்கு யார் சொல்வது?”

பத்து மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடைசி ரயில் இன்னும் போகவில்லை. ஓடினால் பிடிக்கலாம். நான் தொலைபேசி எங்கே என்று கேட்டேன்.

ஹைமில் பவளமக்காவைக் கூப்பிட்டுத் தந்தார்கள்.

“அக்கா, நான் இண்டைக்கு வரேல்லை.”

“என்ன? ஆரும் பிடிச்சிட்டாங்களோ?”

“இல்லையக்கா. ஒரு ஆளுக்குச் சுகமில்லை. ஆஸ்பத்திரியிலை நிக்கிறன்.”

“ஆர் ஆள்?”

“பாட்டுக்காரர். பாஷை தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை.”

“உனக்கென்ன விசரே? அந்தாள் உனக்கு மாமனோ மச்சானோ? நாளைக்கு ஆபீசிலை கேட்டா என்ன சொல்லுவாய்?”  பிறகு குரல் தணிந்தது. “சாப்பிட்டியோ?”

“இன்னும் இல்லை.”

“முதல்லை ஏதும் சாப்பிடு.”

அந்த இரவைப்பற்றி எழுத அதிகமில்லை. இரண்டு தரம் எழுப்பினார்கள். இரண்டு தரமும் எங்கே வலி என்று கேட்டுச் சொன்னேன். இந்த முறை அவர் சொன்னதை, சொன்ன அளவுக்கே சொன்னேன்.

ஞாயிறு காலை 7.40. எனக்கு முதலில் கேட்டது மணி. கொலோனில் எத்தனை தேவாலயங்கள் என்று எண்ணி முடியாது. ஒன்று தொடங்க மற்றொன்று சேர்ந்து, தூரத்துப் பெரிய மணி எல்லாவற்றுக்கும் அடியில் முழங்கியது. திரைச்சீலை வெள்ளையாக நின்றது. கதிரையை எப்போது உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள் என்று தெரியவில்லை. அபூ ராஷித் விழித்திருந்தார்.

“அந்தப் பெட்டை டொக்டர் விடிய வந்து என்ன சொன்னவ?”

“மேடையிலை ஏறியிருந்தா எழும்பியிருக்கமாட்டியளாம்.”

அவர் கூரையைப் பார்த்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. “முஹர்ரக்கிலை எந்தப் பக்கம் இருந்தனீ?” என்றார்.

சொன்னேன். மீன்சந்தைக்குப் பின்னால், பச்சைக் கதவு வீட்டுக்கு அடுத்த வீடு. அந்தப் பாட்டு வீட்டைப்பற்றியும் சொன்னேன். மனதுக்குள் ஓர் ஆசை: அந்தக் குரல் இவருடையதாக இருந்துவிடாதா?

“அது நாங்கள் இல்லை,” என்றார் அலட்சியமாக. “நாங்கள் பக்கத்து ஊரிலை, ஹித்திலை இருக்கிறனாங்கள். அவங்கள் வேறை ஆக்கள். கொஞ்சம் அவசரமாப் பாடுவாங்கள்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இதயத் துடிப்பைக் காட்டும் பெட்டியில் ஓடிய கோடு துள்ள, நேர்ஸ் கதவில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“மொட்டைமாடியிலை என்ன கேட்டனீ?”

“தாயைக் கூப்பிடுவினம். யம்மா, யம்மா எண்டு.”

“யம்மாவோ? யா மால்.” சொல்லைப் பிரித்துக் காட்டினார். மால் என்றால் பொருள், செல்வம். “ஏன் அப்பிடிக் கூப்பிடுறம் எண்டு கேட்டா ஒவ்வொருத்தன் ஒவ்வொண்டு சொல்லுவான். எங்களுக்கே சரியாத் தெரியாது. வேறை என்ன கேட்டது?”

“அடியிலை ஒரு இரைச்சல் கேக்கும். நான் அதை ஆற்றையோ வீட்டு ஜெனரேட்டர் எண்டு நினைச்சனான்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பாட்டு வீட்டில் முன்பாடகர் உயரத்தில் பாடும்போது மற்ற ஆண்கள் எல்லாரும் சேர்ந்து தொண்டையின் அடியிலிருந்து ஒரே சுருதியை இழுப்பார்கள். மனிதக் குரல் என்றே நம்பமுடியாத ஆழம் அது. இரவில் கடல் அப்படித்தான் படகின் அடியில் உறுமும் என்றார்.

“இப்பிடியோ?” என்று கேட்டுவிட்டு வாயை மூடினார்.

முதலில் அது கட்டில் சட்டத்தில்தான் தெரிந்தது. பிடித்திருந்த என் விரல்கள் அதிர்ந்தன. பிறகு காதுக்கு வந்தது. வெளியே மணிகள் ஓய்ந்துகொண்டிருந்தன. மூச்சை எடுத்து மறுபடி இழுத்தார். பிறகு நிறுத்திவிட்டுச் சொன்னார்: “உரத்துப் பாட எனக்கு விடமாட்டினம். மேலை நீ பாடு.”

“நான் பெண்பிள்ளை. சொல்லும் ஒழுங்காத் தெரியாது.”

“இது பாட்டு வீடு இல்லை, ஆஸ்பத்திரி. சொல்லு வேண்டாம். மாடியிலை கேட்டதைப் பாடு.”

அவர் அடிச்சுருதியை மறுபடி பிடித்தார். நான் தொடங்கினேன். முதலில் குரல் உடைந்தது. குருநகர்த் தேவாலயத்தில் பாடிய குரல்தான், ஆனால் இரண்டு வருடமாக அதை ஒன்றுக்கும் எடுக்கவில்லை. “யா மால்” என்று அவர் சொல்லித் தந்ததைத்தான் சொல்ல நினைத்தேன், வாயில் வந்தது “யம்மா.” அவர் திருத்தவில்லை. போகும் வழி எனக்குத் தெரிந்திருந்தது. எங்கே ஏறும், எங்கே நிற்காமல் நிற்பதுபோலக் காட்டி வழுக்கி இறங்கும், எங்கே மூச்சு விடலாம். நான் ஏற ஏற அவர் கீழே அசையாமல் இருந்தார். படகில் நிற்பவளுக்குத் தண்ணீர் இருப்பதுபோல. கடைசி இறக்கத்தில் அவருடைய வலக்கை போர்வைமேல் மெதுவாக இரண்டு தரம் தட்டியது.

முடிந்தபோது நேர்ஸ் வாசலில் மருந்துத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. “மருந்து ஆறிவிடும்,” என்றாள், மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு.

12.10. தூதரகத்து ஆள் வந்தார். கறுப்புச் சப்பாத்து, நல்ல ஜேர்மன் மொழி. என் வேலை முடிந்தது. வைத்தியர் என் அனுமதித் தாளைப் பார்த்துவிட்டு, ஏன் நான் திரும்பவில்லை என்பதை ஒரு கடிதமாக எழுதி முத்திரை குத்தித் தந்தார். அபூ ராஷித்திடம் விடைபெறப் போனேன்.

“உன்ரை பேர் என்ன?” என்றார். ஒரு பகலும் ஓர் இரவும் நாங்கள் அதைப்பற்றிப் பேசவேயில்லை.

“ரீற்றா.”

“ரீத்தா,” என்றார், முஹர்ரக் வீட்டில் கூப்பிட்டதுபோலவே.

திரும்பும் ரயிலில் நல்ல வெயில். வுப்பெர்ட்டாலில் தொங்கும் ரயிலின் இரும்புக் கால்கள் எல்லாம் இப்போது தெளிவாகத் தெரிந்தன. அதற்கு அப்பால் உறங்கிப்போனேன். டோர்ட்முண்டில் எழுப்பியவர் பரிசோதகர். பயணச்சீட்டை மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை காலை நானே அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன்.  கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி இரண்டு தரம் வாசித்தார். என்னுடைய கோப்பை எடுத்து வந்து கடிதத்தை அதற்குள் துளைத்துக் கோத்தார். இனிமேல் இப்படியானால் முதலில் தங்களுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். நான் எழுந்தபோது கேட்டார்:

“அப்போ நிகழ்ச்சியைப் பார்க்கவேயில்லையா? பாவம்.”

“இல்லை,” என்றேன். மேலே சொல்ல என்னிடம் அவ்வளவு ஜேர்மன் இல்லை.

மார்கழியில் ஃப்ராவ் கெல்லர் ஹைமுக்குத் தொலைபேசி எடுத்தா. அபூ ராஷித் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாராம். பாரந்தூக்கி வேலையை விட்டுவிட்டார். வியாழக்கிழமைகளில் பாட்டு வீட்டுக்குப் போகிறார், ஆனால் முன்னால் நிற்பதில்லை. பின்வரிசையில் இருந்து அடிச்சுருதி பிடிக்கிறாராம்.

அந்தத் தீவில் நான்கு வருடம் இருந்தேன், இந்த நாட்டில் இப்போது மூன்றாவது வருடம். அங்கே என்னை உள்ளே விடாத ஒரு வீடு இருந்தது. இங்கே வெளியே விடாத ஒரு மாவட்டம் இருக்கிறது. இரண்டிலும் நான் வேலைக்காரியாகவோ கோப்பு எண்ணாகவோதான் அறியப்பட்டேன். கொலோனில், மணிகள் ஓய்ந்த அந்தக் காலையில் மட்டும், பாடத் தெரிந்த ஒருவர் எனக்குக் கீழே சுருதி பிடித்தார். நான் பாடி முடிக்கும்வரை விடவில்லை.